குடலில் போன கண்ணாடி மணிகள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. "இன்னும் பூச்சியைத்தான் படம் பிடிக்கிறாயா?" என்று கேட்டிருந்தாய். இல்லையப்பா, இப்போது பூச்சியைச் சுற்றி ஓடும் தண்ணீரைப் பிடிக்கிறேன்.

தெளிந்த தண்ணீர் நகர்வது கண்ணுக்குத் தெரியாதே. அதனால் 10 மைக்ரான் அளவுள்ள, உள்ளே காலியான கண்ணாடி மணிகளைக் கலப்போம். தண்ணீர் போகும் போக்கிலேயே அவையும் போகும். லேசரைக் காகிதம்போல மெலிதாக விரித்தால் அந்தத் தளத்து மணிகள் மட்டும் மின்னும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் மணிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணினி கணக்குப் போட்டுவிடும். வேகமும் திசையும் கையில்.

சொல்லத்தான் சுலபம். முதல் நாள் பச்சை லேசர் பட்டதும் டாஃப்னியா என்கிற குட்டி நீர்ப்பூச்சிகள் கண்டபடி ஓடின. சரி என்று அவற்றின் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு மாறினேன். அப்புறம்தான் கூத்து! கொஞ்ச நேரத்தில் திரையில் ஓட்டத்தைக் காணோம். வளைந்த ஒரு குடல் மட்டும் பளபளக்கிறது. டாஃப்னியா தண்ணீரை வடிகட்டிப் பாசி தின்னும் ஜீவன். என் மணிகளோ பாசி அளவு. அத்தனையையும் விழுங்கிவிட்டு அது பாட்டுக்கு நீந்துகிறது. திட்டவும் மனம் வரவில்லை. மறுநாள் மணிக்குப் பதில் பாசியையே கலந்தேன். தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும்.

இப்போது மயங்கிக் கிடப்பது கோப்பிபாட் என்கிற இன்னொரு குட்டி நீர்ஜீவனிடம். 1 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓட்டத்துக்கு நடுவே குழாய் முனையை வைத்து, மீன் வாய் திறப்பதுபோல மெல்ல உறிஞ்சுவேன். உணர்கொம்பிலுள்ள நுண்முடிகளுக்குத் தண்ணீரின் அந்த இழுப்பு போதும், சில மில்லி விநாடியில் துள்ளிவிடும். நொடிக்கு ஆயிரம் படம் எடுத்தும் பல தடவை தவறவிட்டேன். அந்தச் சின்ன உடம்புக்குத் தண்ணீரே பிசுக்காகத்தான் இருக்கும். கால் அசைவை நிறுத்தினால் அதிக தூரம் வழுக்கிப் போகாது.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று சிக்கியது. துள்ளிய இடத்தில் ஒரு நீர்வளையம், உடம்பைச் சுற்றி இன்னொன்று, எதிரெதிராகச் சுழல்கின்றன. ஏறக்குறைய ஒரே அளவு. கண் இமைப்பதற்குள் இரண்டும் கரைந்துவிட்டன. தண்ணீரின் அசைவை வைத்து இரை தேடுகிறவனுக்கு, ஆள் எந்த வளையத்தில் என்று குழப்பமாகத்தான் இருக்கும். இது என் ஊகம், சண்டைக்கு வராதே.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுது. உன்னிடம் அந்தப் பழைய மேக்ரோ லென்ஸ் சும்மாதானே கிடக்கிறது, அனுப்பிவை. அந்தக் குடலை இன்னொரு தடவை கிட்டத்தில் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
ரகு