கோடியக்கரைக் காட்டையும் கடலையும் நடந்து பார்க்க வழி செய்து தரக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகப்பட்டினம்.

பொருள்: கோடியக்கரை சரணாலயத்தில் வழிகாட்டியுடன் கூடிய நடைப்பாதைகள் அமைக்க வனத்துறைக்குப் பரிந்துரைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மனு என்றாலே கட்டடம் கேட்டும் தார்ச்சாலை கேட்டும் எழுதித்தான் எங்கள் பக்கத்தில் பழக்கம். இந்த மனுவில் கட்டடம் எதுவும் கேட்கவில்லை, கட்ட வேண்டாம் என்றும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே வர உள்ளூர் வழிகாட்டிகள் என்று நல்ல ஏற்பாடு. பட்டியலைப் பார்த்தால் நீலகிரி, கோயம்புத்தூர், திருநெல்வேலி, கன்னியாகுமரி எல்லாம் இருக்கிறது, நாம் இல்லை. சரி, மலையேற்றம் என்று பெயர் வைத்துவிட்டு நாகப்பட்டினத்தில் எதை ஏறுவது? கோடியக்கரையிலேயே உயரமான இடம் ராமர் பாதம் என்கிற மேடுதான், அது நாலு மீட்டர். ஆனால் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்து, புல்வெளியைக் கடந்து, கடற்கரையில் போய் முடிக்கிற மாதிரி ஓர் இடம் இங்கே இருக்கிறது. அதற்கு மலை எதற்கு?

தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வங்காள விரிகுடா பாக் நீரிணையோடு சேரும் முனை இது, கிழக்கே பார்த்துக்கொண்டே வந்த கரை இங்கேதான் மேற்கே திரும்புகிறது. 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் இருக்கிறது. மழை சில மாதங்களுக்கு மட்டும் பெய்கிற கடலோரத்திலும் ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கிற உலர் பசுமைமாறாக் காடு, பாலையும் நாவலுமாக. அதைத் தாண்டினால் வெட்டவெளியில் வெளிமான்கள், குளிர்காலத்தில் சதுப்பில் பூநாரைகள். பறவையியல் அறிஞர் சலீம் அலி பறவைகளின் காலில் வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்த இடம். இவ்வளவையும் வருகிறவர்கள் பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

போன மார்கழியில் கோவையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. வண்டிச் சத்தத்துக்கு வெளிமான் கூட்டம் தூரத்திலேயே ஓடிவிட்டது, கிட்டே வந்தது குரங்கு மட்டும், அதுவும் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போக. அப்புறம் உப்பளச் சாலையோரம் வண்டியை நிறுத்தினோம். பறவைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று மாமா இறங்கி நடந்தவர், பத்தடி தாண்டுவதற்குள் முழங்கால் வரை சேற்றில். அந்த வழியாக வந்த மீனவர் ஒருவர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "வெள்ளையா பொருக்குக் கட்டியிருக்கிற இடத்துல கால் வைக்கக் கூடாது சார், மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள முழுக்கச் சேறு" என்றார். செருப்பு ஒன்று இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. தப்பு எங்கள் மேல்தான். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரி எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதக்கூடிய விஷயம் இல்லை, கூட ஆள் நடந்து வந்தால்தான் தெரியும். நான் கேட்பதே அந்த ஆளைத்தான்.

இரண்டு பாதை போதும். ஒன்று, கோடியக்கரையில் காட்டுக்குள் நுழைந்து ராமர் பாதம் வழியாகப் புல்வெளி ஓரமாகவே போய் கடற்கரையில் முடியட்டும். இருக்கிற தடங்களே போதும், கல் பதிக்கவோ கான்கிரீட் போடவோ வேண்டாம். இன்னொன்று அகஸ்தியம்பள்ளியில் தொடங்கட்டும். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு தொண்டர்கள் திருச்சியிலிருந்து பதினைந்து நாள் நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் அது. நினைவுத் தூணில் கிளம்பி உப்பளங்களுக்கு நடுவே நடந்து பறவைகளைப் பார்க்கிற சதுப்பு ஓரம் வரை போகலாம். 2023 முதல் அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலும் மறுபடி ஓடுகிறது, கார் இல்லாதவர்களும் வருவார்கள்.

கூட்டம் சேர்ந்தால் காடு கெட்டுவிடும் என்று வனத்துறையில் சொல்வார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதனால்தான் சின்னதாகக் கேட்கிறேன். ஒரு தடவைக்குப் பத்துப் பேர், காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மட்டும், பிளாஸ்டிக்கை நுழைவாயிலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போய்விடும், ஆகவே இருட்டிய பிறகு கடற்கரைக்கு யாரையும் விடவே கூடாது, செல்போன் டார்ச்சும் கூடாது. மழைக்காலத்தில் தடம் சேறானால் வாரக்கணக்கில் மூடினாலும் சரி, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

வழிகாட்டிகளைக் கோடியக்கரை, கோடியக்காடு ஊர்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தபோது மரமும் போனது, மான்களும் மடிந்தன, ஊர்க்காரர்கள் பிழைப்பும் போனது. எந்த மரம் அந்தப் புயலில் சாய்ந்தும் துளிர்த்தது, எங்கே சீமைக்கருவேலம் புல்லைத் தின்றுகொண்டு வருகிறது என்று காட்டவும் அவர்களால்தான் முடியும். பயிற்சியை வனத்துறை கொடுக்கட்டும், கட்டணத்தில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு நேராகப் போகட்டும்.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆவது பிரிவின்படி சுற்றுலாவுக்காகச் சரணாலயத்துக்குள் போக தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். ஆகவே தாங்கள் வனத்துறை, சுற்றுலாத் துறை, இரண்டு ஊராட்சிகள் எல்லோரையும் ஒரு நாள் உட்கார வைத்துப் பேசி, வனத்துறையின் அந்த மலையேற்றத் திட்டத்தில் கோடியக்கரையைச் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு பருவம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சோதனையாக நடத்திப் பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் நிறுத்திவிடலாம், இடிக்க வேண்டியது ஒன்றும் இருக்காது.

நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருந்தால் விடிவதற்கு முன்னே வாருங்கள். பளபளப்பான ஷூ வேண்டாம், மெல்லிய செருப்பும் வேண்டாம், கருவேல முள் அடியில் குத்தி மேலே வந்துவிடும். வண்டியைச் சாலையிலேயே விட்டுவிடுங்கள், வழி காட்ட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்திலிருந்து ஒருவன்