மூன்று பொம்மையும் ஒன்றுதான் போலிருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். சாவகாசமாகப் படித்துவிட்டுச் சின்னவனிடம் நீயே சொல். முப்பது வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவள், பேரனுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்கு வீடியோ காலில் மூன்று டைனோசர் பொம்மைகளை வரிசையாக வைத்துக் காட்டினானே, ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுக்குத் தட்டைத் தலை, சுற்றிலும் முள். அடுத்ததற்குப் பின்னந்தலையில் நீளக் கொம்புகள், உச்சியில் சின்ன மேடு. அதில் ஒரு கொம்பு உடைந்துபோய் அழுதுகொண்டிருந்தான். மூன்றாவதற்குத் தலைமேல் சட்டியைக் கவிழ்த்த மாதிரி எலும்பு. "அப்பத்தா, இது மூணும் ஒரே வீடா?" என்று கேட்டான். பெட்டியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கேட்டேன். டிராகோரெக்ஸ், ஸ்டைஜிமோலோக், பேக்கிசெஃபலோசாரஸ் என்று நீ வாசித்தாய். "வேற வேற பேரு, வேற வேற இனம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். அவன் முகம் தொங்கிப்போனது.

அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தால், பையன் கேட்டதுதான் சரி போலிருக்கிறது. 2009-இல் ஜாக் ஹார்னர், மார்க் குட்வின் என்ற இரண்டு பேர் இந்த மண்டையோடுகளை ஸ்கேன் எடுத்தும், எலும்பை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். மூன்றுமே அமெரிக்காவில் 'ஹெல் க்ரீக்' என்ற பாறை அடுக்குகளில், ஏறத்தாழ 6.6 கோடி வருடத்துக்கு முந்தைய மண்ணில் கிடைப்பவை. மூன்றும் ஒரே விலங்கின் மூன்று வயது என்பது அவர்கள் முடிவு. தட்டைத் தலை சின்னப் பிள்ளை, நீளக் கொம்பு வாலிபன், சட்டித் தலை பெரியவர். ஸ்டைஜிமோலோக் தனி இனம்தான் என்று இன்னும் வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஹார்னர் பக்கம்தான் மனசு சாய்கிறது.

எலும்பைப் பார்த்து வயது எப்படித் தெரியும் என்று கேட்பான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் உச்சிக்குழியில் ஆச்சி தினமும் விளக்கெண்ணெய் வைப்பார்கள். விரலை வைத்தால் மெத்தென்று துடிக்கும். மண்டை ஒரே எலும்பு இல்லை. பல துண்டுகள் தையல் போட்ட மாதிரி சேர்ந்தது. சின்ன வயதில் தையல் நெகிழ்ந்திருக்கும், வயது ஏற ஏற இறுகும், கடைசியில் தையல் போட்ட இடமே தெரியாது. இளம் எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் நிறைய இருக்கும், முதிர்ந்தது கெட்டிப்பட்டுவிடும். இத்தனை கோடி வருடம் கல்லாகக் கிடந்தும் அந்தத் துளைகள் அப்படியே இருக்கின்றன, பாரேன்!

என்னை உட்கார வைத்தது வேறொன்று. வளர வளரக் கொம்பு பெரிதாகும் என்றுதானே நினைப்போம்? இங்கே உச்சி மேடு எழும்ப எழும்ப, பின்னந்தலைக் கொம்புகள் கரைந்து மழுங்கி வெறும் குமிழாகிவிடுகின்றன. உடம்பே தன் எலும்பைத் தின்று வேறு இடத்தில் கட்டுகிறது. மூன்று கொம்பு டைனோசரான ட்ரைசெராடாப்ஸ் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கும் அதன் குட்டியின் மண்டையோடு ஏறக்குறைய ஒரு அடி, கண்ணுக்கு மேலே கொம்பு சின்னக் குச்சி. வளரும்போது பின்னால் வளைகிறது, பெரிதானதும் முன்னால் திரும்புகிறது. பெரியதன் தலையோ ஆறேழு அடி. கோழிக்குஞ்சுக்குக் கொண்டை இருக்காது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! பறவைகளே டைனோசர் வம்சம் என்று தெரிந்தும் பெட்டியில் போட்ட பெயரை நம்பினேன்.

நான் மட்டும் ஏமாறவில்லை என்பது ஒரு ஆறுதல். உங்கள் கனடாவில் ஆல்பர்ட்டா பக்கம் கிடைத்த, தலையில் கொண்டை வைத்த வாத்துவாய் டைனோசர்களை 12 இனங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 1975-இல் பீட்டர் டாட்சன் மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, மூன்று இனம்தான், மற்றதெல்லாம் குட்டிகளும் ஆண் பெண் வித்தியாசமும் என்றார். அதற்காகப் பார்க்கிறதையெல்லாம் குட்டி என்றும் சொல்லிவிட முடியாது. டோரோசாரஸ் என்ற இன்னொரு கொம்பு டைனோசர் கிழட்டு ட்ரைசெராடாப்ஸ்தான் என்று 2010-இல் ஹார்னரும் ஸ்கேனெல்லாவும் சொன்னார்கள். இளம் டோரோசாரஸ் இருக்கிறது, முதிர்ந்த ட்ரைசெராடாப்ஸும் இருக்கிறது என்று 2012-இல் வேறு இருவர் மறுத்தார்கள்.

சரி, இந்தச் சட்டித் தலையை வைத்து ஒன்றோடொன்று முட்டினதா என்று கேட்பான். அவனுக்கு அதுதானே வேண்டும்! 2013-இல் இப்படிப்பட்ட 109 சட்டித் தலைகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 22-இல் அடிபட்டுப் புண்ணான தழும்பு இருந்தது. தட்டைத் தலைகளில் அது இல்லை. கிடாய்முட்டில் நிற்கிற கிடாய் மாதிரி மேடு எழும்பிய பிறகுதான் மோதியிருக்கின்றன என்று தோன்றுகிறது. ஆனால் குட்வினும் ஹார்னரும் 2004-இலேயே, அதிர்ச்சி தாங்கும் என்று சொல்லப்பட்ட அந்த எலும்பமைப்பு குட்டிப் பருவத்தோடு மறைந்துவிடுகிறது, அதனால் முட்டுவதற்கு இல்லை என்றிருக்கிறார்கள். இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. ட்ரைசெராடாப்ஸ் விஷயம் கொஞ்சம் தெளிவு. ஆண்ட்ரூ ஃபார்க்கேயும் கூட்டாளிகளும் 2009-இல் பார்த்தபோது, தலைக்குப் பின்னால் விரியும் கழுத்துக் கவசத்தின் பக்கவாட்டு எலும்பில் அதற்குத்தான் காயம் அதிகம். புருவக் கொம்பு சிறுத்த சென்ட்ரோசாரஸுக்கு அவ்வளவு இல்லை. கொம்போடு கொம்பு கோத்து மல்லுக்கட்டினால் குத்து விழுகிற இடம் அது.

லீவு கிடைக்கும்போது அவனை டிரம்ஹெல்லர் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. ஓடவிடாதே. ஒரு மண்டையோட்டின் முன்னால் நிறுத்தி, எலும்புத் தையல் கண்ணுக்குத் தெரிகிறதா என்று தேடச் சொல்.

அப்பத்தா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று அவனிடம் ஒளிக்காமல் சொல். பொம்மைகளைத் தட்டைத் தலை, கொம்பு, சட்டி என்று வயது வரிசையில் வைக்கட்டும். உடைந்த கொம்பை ஒட்டுகிறேன் என்று பசையை எடுக்காதே. வயதானால் அது மழுங்கத்தானே போகிறது.

அம்மா