ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் விசில் சத்தம். 'யாருடா அது?' என்று கேட்டால் மொத்த வகுப்பும் மின்விசிறியைப் பார்க்கிறது. கடைசியில் ஒருவன் எழுந்து, 'உங்களுக்கென்ன டீச்சர், நடத்துனாலும் நடத்தாட்டியும் சம்பளம் வந்துடும்ல' என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நீ புத்தகத்தை மூடிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாய். அங்கே ஒருவர் 'ரெண்டு போடு போட்டாத்தான் அடங்குவானுங்க' என்றாராம். இன்னொருவர் 'நமக்கெதுக்கு வம்பு, போர்டுல எழுதிப் போட்டுட்டு வந்துடும்மா' என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது என்று என்னிடம் கேட்கிறாய். ரெண்டு பேர் சொல்வதையும் கேட்காதே.

அந்தச் சம்பளப் பேச்சு உன்னை ஏன் அப்படிக் குத்தியது என்று புரிகிறது. பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள் நீ. மாதம் 15,000 ரூபாய், அதுவும் ஒழுங்காக வருகிறதா என்றால் அது தனிக்கதை. ஆனால் அந்த வசனம் பையனின் சொந்தச் சரக்கு இல்லை. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் ஜாக்டோ-ஜியோ போராட்டம் என்று செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் ஓடுகிற பேச்சு அது. கேட்டதை வந்து ஒப்பித்திருக்கிறான். உன் சம்பளம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த விஷயம் வேறு: இந்த டீச்சர் தற்காலிகம், ஏப்ரலோடு போய்விடுவார். எந்த ஊரிலும் பிள்ளைகள் தற்காலிக ஆசிரியரைத்தான் முதலில் சீண்டிப் பார்ப்பார்கள். அதை உன் குறையாக எடுத்துக்கொள்ளாதே.

பதினான்கு வயதுப் பையன் வாத்தியாரை எதிர்த்துப் பேசும்போது பெரும்பாலும் வாத்தியாரிடம் பேசுவதில்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் பேசுகிறான். அதே பையனை மாலையில் பேருந்து நிறுத்தத்தில் தனியாகப் பார், 'வணக்கம் டீச்சர்' என்று நெளிவான். ஆகவே, பார்வையாளர்கள் இருக்கும் இடத்தில் அவனோடு மல்லுக்கு நிற்காதே. அங்கே நீ ஜெயித்தாலும் அவனுக்கு லாபம்தான், ஒரு பீரியட் முழுக்க அவனைச் சுற்றியே ஓடியிருக்கும். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றாம் பெஞ்ச் பெண்பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

'யார் விசில் அடித்தது?' என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடு. அதற்குப் பதில் வராது. பதில் வந்தால் இன்னும் மோசம், காட்டிக்கொடுத்த பிள்ளை வெளியே அடி வாங்கும். சத்தம் வந்ததும் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு, நடத்திக்கொண்டே பின்பக்கம் போய் நில். அங்கிருந்தே அடுத்த கணக்கைச் சொல். பலகையில் எழுத முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடு. முதுகைக் காட்டி அதிக நேரம் எழுதுவதைக் குறைத்தாலே விசிலில் பாதி குறைந்துவிடும்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். 1970-ல் அவர் வெளியிட்ட முடிவு பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. குறும்பு நடந்த பிறகு திட்டுவது, தண்டிப்பது, எச்சரிப்பது ஆகியவற்றில், வகுப்பைக் கட்டிமேய்க்கத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் எல்லாம் அதற்கு முன்னால்தான். எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று டீச்சருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பாடம் தட்டுத்தடுமாறாமல் நகர்ந்தது. ஒரே சமயத்தில் ரெண்டு வேலை பார்க்க அந்த ஆசிரியர்களால் முடிந்தது. நம் ஊர் வகுப்புக்கும் இது அப்படியே பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் பாடம் எங்கே தட்டுகிறது? முதல் ஐந்து நிமிடத்தில். நீ கைபேசியை எடுத்து, பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை போட முயல்வாய், நெட் சுற்றிக்கொண்டே இருக்கும், தலை குனிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடம்தான் பின்வரிசையின் ராஜ்ஜியம். உள்ளே நுழைந்ததும் பலகையில் ஒரு சின்னக் கணக்கை எழுதிப் போடு, எல்லோர் நோட்டிலும் பேனா ஓடட்டும், அப்புறம் போனை எடு. எல்லோர் பெயரையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடு. 'ஏய், கடைசி பெஞ்சு' என்று கூப்பிடுகிற வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அதற்கேற்ற குணம் வந்துவிடும். இன்னொன்று, போர்ஷன் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் வாங்காதே. விளையாட விடாமல் உட்கார வைத்தால் அந்தச் சக்தி எல்லாம் உன் வகுப்பில்தான் வந்து இறங்கும்.

அடிக்கச் சொன்னவருக்கு என் பதில் இது. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடைசெய்தாயிற்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைதானே, ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தாதே என்று ஆசிரியர் அறையில் வக்கீல் பேச்சு பேசுவார்கள். சிறார் நீதிச் சட்டம் 18 வயது வரை இருக்கிறது என்று சொல். முட்டி போடச் சொல்வது, வெயிலில் நிறுத்துவது எல்லாமும் தண்டனைக் கணக்கில்தான் வரும். பெருக்கச் சொல்வது, கழிவறை கழுவச் சொல்வது வேண்டவே வேண்டாம். நம் ஊரில் அந்த வேலையை யார் தலையில் கட்டி வைத்திருந்தோம் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், அடி வாங்கியவன் அன்று சாயங்காலம் நண்பர்கள் மத்தியில் ஹீரோ. நீ அடுத்த நாளும் அடிக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் பலமாக.

'லீடர் ஆக்கிவிடு, திருந்திடுவான்' என்றும் ஒருவர் வந்து சொல்வார். பிரபலமான வைத்தியம் இது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஒழுங்காக இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்?

அவனிடம் தனியாகப் பேசு. பெல் அடித்ததும், 'நீ மட்டும் ரெண்டு நிமிஷம் இரு' என்று சாதாரணக் குரலில் சொல். கதவு திறந்திருக்கட்டும், ஆனால் கூட்டாளிகள் காதில் விழாத தூரம் வேண்டும். அவன் செய்ததை மட்டும் சொல், அவன் யார் என்று சொல்லாதே. 'நேத்து நீ சொன்னது மரியாதையான பேச்சு இல்ல. அதனால பத்து நிமிஷப் பாடம் போச்சு. இந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கம் முதல் பெஞ்சுல உட்காரு.' அவ்வளவுதான். 'ஏன் அப்படிச் சொன்ன?' என்று கேட்காதே, அவனுக்கே தெரியாது. சாரி கேட்கச் சொல்லி நிற்காதே, வாயால் வாங்குகிற சாரி வாசலைத் தாண்டுவதற்குள் கிண்டலாகிவிடும். 'உங்க அண்ணனும் இப்படித்தான்', 'உங்க தெருவே இப்படித்தான்' என்ற பேச்சு எக்காரணத்தாலும் வரக்கூடாது. சின்னத் தண்டனையாக இருந்தாலும் சொன்னதைச் செய். வெள்ளிக்கிழமை வரை என்றால் வெள்ளிக்கிழமை வரை, திங்களன்று அவன் பழைய இடத்துக்குப் போகலாம், அதைப் பற்றி மறுபடி பேச்சு இல்லை.

அந்த வாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனி. இதற்காகத்தான் முதல் பெஞ்சு. அவனால் வாசிக்க முடிகிறதா? கணக்கில் வரும் ஒரு வாக்கியக் கணக்கை மெதுவாக, உனக்கு மட்டும் கேட்கும்படி படிக்கச் சொல். ஒன்பதாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்பதால்தான் 2025-26-ல் 6 முதல் 9 வரை 'திறன்' என்று தனித் திட்டமே கொண்டுவந்தார்கள். 'அடுத்து நீ படி' என்று டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வரும்போது, தன் முறை வருவதற்குள் ஒரு கலாட்டா பண்ணி வெளியே அனுப்பப்பட்டுவிட்டால் அவனுக்கு நிம்மதி. மக்கு என்று பெயர் வாங்குவதைவிட ரவுடி என்று பெயர் வாங்குவது அந்த வயதில் கௌரவம். உன் பையன் அந்த ரகமா என்று எனக்குத் தெரியாது. விசில் எந்த நேரத்தில் வருகிறது என்று ரெண்டு நாள் குறித்து வைத்தால் உனக்கே தெரிந்துவிடும். சாப்பிட்டானா என்றும் கேள். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்காரன் வெறும் வயிற்றோடு வந்தால் மதியச் சத்துணவு வரை அப்படியேதான்.

வீட்டுக்குச் சொல்வதில் அவசரப்படாதே. அப்பாவை வரவழைத்தால் உன் கண்முன்னாலேயே பெல்ட்டைக் கழற்றுவார், பிறகு அந்தப் பையன் உன்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். அம்மா வந்தால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் கூப்பிடு. முதல் அழைப்பு புகாராக இருக்க வேண்டாம், அவன் ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்த நாளில் கூப்பிடு. பள்ளியிலிருந்து போன் வந்தாலே பயப்படுகிற வீடுகள் அவை.

இவ்வளவும் சத்தம், நக்கல், எதிர்த்துப் பேசுவது வரைக்கும்தான். உன் உடம்பைப் பற்றி ஒருவன் பேசினாலோ, ஒளித்துவைத்து வீடியோ எடுத்தாலோ, கையை ஓங்கினாலோ, அதைத் தனியாகச் சமாளித்துக் காட்டுவது உன் வேலையில்லை. அன்றைக்கே, தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதித் தலைமையாசிரியரிடம் கொடு, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். சாதியை வைத்து வரும் சீண்டலும் இந்த வகைதான், அது உன்மீது வந்தாலும் சரி, வகுப்பில் ஒரு பிள்ளைமீது வந்தாலும் சரி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள். பள்ளியில் பட்ட தொல்லையைப் பற்றிப் புகார் சொன்னதற்குப் பிறகு நடந்தது அது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை பேசியிருக்கிறது. கயிற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்காதே. நீயாக அறுக்கவும் வேண்டாம், தலைமையாசிரியரிடம் சொல்.

டி.சி. மிரட்டலும் காதில் விழும். 2022-ல் மாணவர்கள் ஆசிரியர்களை மிரட்டும் வீடியோக்கள் பரவியபோது, அப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக நீக்கி, காரணத்தைச் சான்றிதழிலேயே எழுதுவோம் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். கோபத்துக்கு அது இதமாக இருந்தது உண்மைதான். ஒன்பதாம் வகுப்போடு வெளியே போகிறவன் செங்கல் சூளைக்கோ திருப்பூர் கம்பெனிக்கோ போவான், அவ்வளவே. உன்னுடைய பையன் சொன்ன ஒரு வரிக்கு அது மிக அதிகம்.

உங்கள் தலைமையாசிரியரை எனக்குத் தெரியும் என்பதால் நான் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நான் பேசினால் அது வெளியிலிருந்து வந்த சிபாரிசாகிவிடும், ஆசிரியர் அறையில் உன் பெயர்தான் கெடும். திங்களன்று முதல் பீரியடுக்கு முன்னால் நீயே போய், 'அவனை முதல் பெஞ்சுக்கு மாத்தப்போறேன் சார், பேரன்ட்ஸ்ட்ட நானே பேசிக்கறேன்' என்று சொல்லிவிடு. விசில் எப்போது வருகிறது என்று குறித்ததை வாரக் கடைசியில் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா