தொழிற்பயிற்சியையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் உயர்கல்வி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பல்கலைக்கழகச் சேர்க்கையை விரிவாக விளக்கிய அக்கட்டுரை, நிறுவனத்தில் வேலை பழகியபடியே தொழிற்பள்ளியிலும் படிக்கும் 'அவுஸ்பில்டுங்' எனும் தொழிற்பயிற்சியைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது பெருங்குறை. அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. இதற்காகவே வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் பெற்றோரை நான் அறிவேன். தொழிற்பயிற்சியிலோ பயிற்சி தரும் நிறுவனமே மாதந்தோறும் ஊதியம் தருகிறது. 2025இல் சேர்ந்தவர்களுக்கு முதலாண்டில் சட்டப்படியான குறைந்தபட்சத் தொகை மாதம் 682 யூரோ. விசாவுக்கு அது போதாவிட்டால் குறையும் தொகையை மட்டும் காட்டினால் போதும். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளோர் பல்கலைக்கழகம் செல்லட்டும். வேலைதான் குறிக்கோள் என்றால் கடன் சுமை எதற்கு?

திருச்சியில் ஜெர்மன் மொழி கற்பிக்கிறேன். என்னிடம் படித்த பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் இப்போது அங்கே மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் இணைந்த தொழில்) பயிற்சியில் இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் தொழிற்கூடம், இரண்டு நாள் தொழிற்பள்ளி. ஓய்வூதியப் பிடித்தம் உட்பட எல்லாம் அச்சிடப்பட்ட முதல் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நேர்காணலில் அவருக்குக் கைகொடுத்தது மதிப்பெண் அல்ல, பி1 எனும் இடைநிலை வரை கற்ற ஜெர்மன் மொழி. ஜெர்மனிக்கு அனுப்புவதாகச் சொல்லும் முகவர்களிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாறுவதைத் தடுக்க, 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் எல்லா அரசு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.களிலும் பி1 வரை ஜெர்மன் வகுப்பு நடத்தி, தேர்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்க வேண்டும்.

- ஜெர்மன் மொழி ஆசிரியர், திருச்சி