லிட்டில் வெனிஸ் படகுச் சவாரி: பணம் திருப்பித் தராதது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் மூன்றுக்கும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே பதில் வந்தது: குறித்த இடத்துக்கு வராத பயணிகளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது. நாங்களா வராதவர்கள்? உங்கள் ஆட்கள் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம், முழங்கால் வலியோடு கைத்தடி ஊன்றி நடக்கும் 74 வயது அம்மாவை அழைத்துக்கொண்டு அலைந்தவர்கள் நாங்கள்.

கடந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை 11.30 மணிப் படகு, லண்டன் லிட்டில் வெனிஸிலிருந்து கேம்டன் வரை. அம்மா, மகள், நான் என மூன்று பேருக்கு 66 பவுண்டு முன்பணமாகவே கட்டிவிட்டேன். நீங்கள் அனுப்பிய டிக்கெட்டில் ஏறுமிடம் என்ற கட்டத்தில் 'லிட்டில் வெனிஸ்' என்று மட்டும் இருக்கிறது. அது ஒரு பேட்டையின் பெயர் என்பது படகுச் சவாரி விற்கும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ரீஜன்ட்ஸ் கால்வாயும் கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளையும் அங்கேதான் கூடுகின்றன. நடுவில் வில்லோ மரங்கள் நிற்கும் சின்னத் தீவு, சுற்றிலும் கரைகள், பாலங்கள். எந்தக் கரை, எந்தப் பாலத்தருகே என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

அந்த வரி இல்லாததால் உங்கள் செயலியின் வரைபடத்தை நம்பினேன். அது பேடிங்டன் படகுத்துறைக்குள், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே புள்ளி வைத்திருந்தது. நாங்கள் ஹாரோவிலிருந்து பேக்கர்லூ ரயிலில் வந்தோம். வார்விக் அவென்யூ நிலையத்தில் இறங்கியிருந்தால் லிட்டில் வெனிஸ் சில நிமிட நடைதான். உங்கள் புள்ளியை நம்பி அந்த நிலையத்தைத் தாண்டி, அடுத்ததான பேடிங்டனில் போய் இறங்கினோம்.

11.10க்கு உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். எடுத்தவர், வெனிஸ் என்றால் இத்தாலிப் பிரிவுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி அழைப்பை அங்கே மாற்றிவிட்டார். லண்டன், லண்டன் என்று மூன்று முறை சொன்னேன். பதினான்கு நிமிடம் இசையைக் கேட்டுக் காத்திருந்த பிறகு இரண்டாமவர் வந்தார். படகு கேம்டனிலிருந்துதான் புறப்படும், அங்கே போங்கள் என்று அடித்துச் சொன்னார். நானும் நம்பினேன். தங்கள் படகு எங்கிருந்து கிளம்பும் என்று ஒரு நிறுவனத்துக்குத் தெரியாமலா இருக்கும்? கிங்ஸ் கிராஸில் ரயில் மாறி கேம்டன் டவுன் போனோம். அந்த நிலையத்தில் லிஃப்ட் கிடையாது. அம்மா ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறினார்.

கேம்டனில் உங்கள் ஆள் யாரும் இல்லை. அங்கிருந்து அழைத்தபோது பேசிய மூன்றாவது நபரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். பெயர் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். எங்கள் நிலைமையை முழுவதும் கேட்டுவிட்டு, "படகு போனால் என்ன, அதே கால்வாய்தானே, கரையோரமாக நடந்து போங்கள், அதற்குக் காசும் வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மாவும் கேட்டார்.

அந்த நடை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அது போகட்டும். இடையில் மெய்டா ஹில் சுரங்கம் வருகிறது. 249 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்துக்குள் நடைபாதையே கிடையாது. குதிரைகள் படகிழுத்த காலத்தில்கூட இந்த இடத்தில் குதிரையை அவிழ்த்து மேலே சாலை வழியாக ஓட்டிப் போனார்கள். படகுக்காரர்கள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள். நடப்பவர் கரையை விட்டு மேலே தெருவுக்கு ஏறித்தான் ஆக வேண்டும். கைத்தடியோடு நிற்கும் மூதாட்டிக்கு இந்த வழியைச் சொல்லிச் சிரித்த ஊழியர் இன்னமும் உங்களிடம் வேலையில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

என் நான்காவது கடிதத்துக்கு உங்கள் பதில் திடீரென்று மாறியது. வழியில் லாக் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கதவடைப்பு) பழுது பார்க்கப்பட்டதால் அன்றைய சவாரியே ரத்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, லிட்டில் வெனிஸுக்கும் கேம்டனுக்கும் இடையே ஒரு லாக்கூட இல்லை. 1816இல் திறக்கப்பட்ட அந்தப் பகுதி முழுவதும் ஒரே நீர்மட்டம். படகை ஏற்றி இறக்கும் முதல் லாக் கேம்டனில்தான் வருகிறது. அதைத் தாண்டிப் போகும் சவாரியை நீங்கள் விற்கவே இல்லை. அந்த லாக்கும் அன்று நன்றாகத்தான் இயங்கியது. இரண்டு பேர் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளியதையும், உள்ளே நின்ற படகு நீரோடு மெல்ல இறங்கியதையும் நாங்களே பார்த்தோம். கூரையில் பூந்தொட்டிகளும் விறகுக் கட்டும் அடுக்கிய, ஏழடி அகலம்கூட இல்லாத ஒடுங்கிய படகு. "இதற்குள்ளேயா குடித்தனம் நடத்துகிறார்கள்?" என்று அம்மா கேட்டார். அன்று முழுவதும் அவர் ஆசையாகப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். படகிலிருந்தவர்கள் கையசைத்தார்கள், அம்மாவும் கையசைத்தார்.

மேலும், சவாரி ரத்து என்றால் நாங்கள் 'வராதவர்கள்' ஆவது எப்படி? நாங்கள் வரவில்லை என்றால் படகு போயிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். இந்த ஊரில் அவர் தானாக வாய்விட்டுக் கேட்டது இந்தப் படகு ஒன்றைத்தான். அவருடைய பயணம் முழுவதையும் நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள். அன்று முதல் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. டிக்கெட் பணம் 66 பவுண்டுடன், ரயில் செலவு, அலைச்சல், மன உளைச்சல் எல்லாவற்றுக்குமாக 600 பவுண்டு கேட்கிறேன். உண்மையான இழப்புக்கு அதுவும் ஈடாகாது.

உங்களோடு வழக்காட வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. பண்போடு ஒரு மன்னிப்பும் முழுப் பணமும் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், கட்டிய பணத்தை மீட்டுத் தரும்படி வங்கியிடம் கோருவேன். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிற 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் கீழ் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கும் போவேன். உங்கள் உதவி எண்ணுக்கு நான் செய்த அழைப்புகளின் நேரப் பட்டியலும், செயலி காட்டிய வரைபடத்தின் படமும், ஒன்றுக்கொன்று முரணான உங்கள் இரு பதில்களும் இத்துடன் இருக்கின்றன.

இன்னொரு டிக்கெட்டோ தள்ளுபடிக் கூப்பனோ அனுப்ப வேண்டாம். வரைபடத்தில் இருக்கும் அந்தப் புள்ளியை இன்றே மாற்றுங்கள். நேற்று இரவு பார்த்தேன், இன்னும் பேடிங்டன் துறைக்குள்தான் இருக்கிறது. அம்மா அடுத்த மாதம் 9ஆம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார். மன்னிப்புக் கடிதம் அதற்கு முன் அவர் பெயருக்கே வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்