நீருக்கேற்ற ரெகுலேட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரிக் கடலில் காற்றுக்கலன் சுமந்து முக்குளிக்கும் ஸ்கூபா பழகுவோர் பலர், மூச்சுக்காற்றைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டரை விலையை மட்டும் பார்த்து வாங்குவது கவலையளிக்கிறது. மழைக்காலத்தில் நீர் கலங்கும்போது, மூடப்படாத பிஸ்டன் வகையின் முதல்நிலைக்குள் (கலனில் பொருத்தப்பட்டு, காற்றழுத்தத்தை முதலில் குறைக்கும் பகுதி) கடல்நீரோடு நுண்மணலும் புகுகிறது. என்னுடையதைச் சர்வீசுக்குப் பிரித்தபோது, சுருள்வில்லின் இடுக்குகளில் உப்பும் மணலும் அப்பியிருந்ததைக் கண்டேன். சவ்வால் தடுத்து வெளிநீர் புகாதபடி செய்த டயாஃப்ரம் வகையே இங்கு ஏற்றது என்பேன்.

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா என்னும் நீரடிப் பிளவைப் போன்ற 2 முதல் 4 டிகிரி நீருக்குச் செல்வோரோ, விரிவடையும் காற்றின் குளிர்ச்சியால் கருவி உறைந்து காற்று கட்டுக்கடங்காமல் பீறிடும் அபாயத்தை மறக்கலாகாது. ஐரோப்பிய இ.என். 250 தரப்படி '10 டிகிரிக்கு மேல்' எனப் பொறிக்கப்பட்ட கருவியை அங்கே கொண்டுசெல்லவே கூடாது. பயிற்சி நிலையங்கள் இக்குறியை மாணவர்களுக்குக் காட்டி விளக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முக்குளிப்பு ஆர்வலர் ஒருவர்,
புதுச்சேரி.