2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபை ஆக்களுக்கும் ஊரவை எல்லாருக்கும் வணக்கம். பொதுச்சபைக் கூட்டத்தில நான் வாசிச்சதைத்தான், அண்டைக்கு வராத ஆக்களும் வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களும் வாசிக்க வேணும் எண்டு இதில போடுறன்.

தைப்பொங்கல் எங்கட சனசமூக நிலைய முற்றத்தில நடந்தது. சித்திரை விளையாட்டுப்போட்டி நடந்தது. ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினது. வாணிவிழா நடந்தது. சிரமதானம் ரெண்டு தரம். பத்திரிகை ஒரு நாளும் நிக்கேல்ல. நிர்வாகசபைக் கூட்டம் 12 வைக்கோணும், நடந்தது 7, மற்ற அஞ்சுக்கும் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆக்கள் தொகை) காணாது எண்டு நானும் தலைவரும் கதவைப் பூட்டிக்கொண்டு போனனாங்கள்.

மிச்சம் முழுக்கக் கணினி அறையைப் பற்றித்தான். அதைப்பற்றித்தான் கன கதை ஊருக்குள்ள ஓடினது, அதால விபரமாச் சொல்ல வேண்டிக் கிடக்கு.

மாசி (பெப்ரவரி) 9, ஞாயிற்றுக்கிழமை, முழு இலங்கைக்கும் கரண்ட் போன நாள், பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கால வந்தது எண்டு அமைச்சர் சொன்னாரே, அண்டைக்கு எங்கட அறையில ஓ/எல் பிள்ளையளின்ர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரண்ட் திரும்பி வந்து போட்டுப் பாத்தா அஞ்சு மெசினில ரெண்டு எழும்பேல்ல. அடுத்த கிழமைக் கூட்டத்தில ஒரே வாக்குவாதம். விண்டோஸ் எண்டாலே இப்பிடித்தான், மக் வாங்கினா சாகாது எண்டு ஒரு ஐயா, லினக்ஸ் எண்ட இலவச சிஸ்டத்தைப் போட்டா வைரஸும் இல்ல பழுதும் இல்ல எண்டு பெடியள், நல்ல கொம்பனி மெசின் வாங்காததுதான் பிழை எண்டு இன்னொருத்தர். ரெண்டு மணித்தியாலம் கதைச்சும் ஒருத்தரிட்டயும் கணக்கு இல்ல, எல்லாருக்கும் தன்ர வீட்டு மெசினின்ர கதைதான். நான் அடுத்த நாளே ஒரு சிஆர் கொப்பி வாங்கிக் கணினி அறைக் கதவுக்குப் பின்னால கயிறு கட்டித் தொங்கவிட்டன். எந்த மெசின், எண்டைக்கு, என்ன நடந்தது, பேந்து பாத்தா காரணம் என்ன, எல்லாம் அதில.

மார்கழி வரைக்கும் 31 பதிவு. அதில 14 கரண்டால வந்தது. 6 தூசியும் உப்புக்காத்தும். 5 ஹார்ட் டிஸ்க் பழசாகிப் போனது. 4 எங்கட கைப்பிழை, பென்டிரைவை அப்பிடியே இழுத்துக் கழட்டினது மாதிரி. சிஸ்டத்திலதான் பிழை எண்டு சொல்லக்கூடியது ரெண்டே ரெண்டு, அதிலயும் ஒண்டு விண்டோஸ் மற்றது லினக்ஸ். கொப்பி இப்பவும் அங்கதான் தொங்குது, ஆரும் வந்து பாக்கலாம்.

கரண்ட் எண்டு சொன்னா நிண்டு போறது மட்டும் இல்ல. எங்களுக்கு 230 வோல்ட் வரோணும். பின்னேரம் தோட்டத்து மோட்டர் எல்லாம் போடுற நேரம் மீற்றர் வைச்சுப் பாத்தன், 185. கரண்ட் நிண்டா மெசினைக் கொஞ்ச நேரம் தாங்குற யூபிஎஸ்ஸின்ர பற்றரி செத்துக் கிடந்தா அது சும்மா பெட்டிதான், எங்கட வெக்கைக்கு அந்தப் பற்றரி ரெண்டு மூண்டு வருசம்தான் நிண்டு பிடிக்கும், நாங்கள் மாத்தி ஆறு வருசம். விண்டோஸ்ர என்ரிஎஃப்எஸ்ஸும் சரி லினக்ஸ்ர எக்ஸ்ற்4உம் சரி, ரெண்டும் டிஸ்க்கில ஃபைல் அடுக்கி வைக்கிற முறை, அமைப்பில மாத்தப்போறதை முதல் ஒரு குறிப்பில எழுதிவைச்சுத்தான் டிஸ்க்கில கை வைக்கும், அதால திடீரெண்டு நிண்டாலும் டிஸ்க்கின்ர அமைப்புக் கூடுதலா உடையாது. ஆனா சேவ் பண்ணாத வேலை போனது போனதுதான், ஹார்ட் டிஸ்க் அடி வாங்கினா எந்தக் குறிப்பும் காப்பாத்தாது. பென்டிரைவில இருக்கிற ஃபாட்32க்கு அந்தக் குறிப்பும் இல்ல, ஒரு பிள்ளையின்ர ஐசிடி புறொஜெக்ற் அப்பிடித்தான் பென்டிரைவோட போனது. அந்தப் பிள்ளை அழுதது எனக்கு இண்டைக்கும் மனசுக்குள்ள கிடக்கு.

நாங்கள் இருக்கிறது கடற்கரையோரம், சோளகம் அடிக்கிற மாசங்களில யன்னல் கம்பியே கறள் பிடிக்குது, மெசின் மட்டும் தப்புமோ. நாலாம் நம்பர் மெசின் மூண்டு பீப் அடிச்சிட்டு நிண்டுபோச்சு, விண்டோஸ் அழிஞ்சுபோச்சு எண்டு கொப்பியில ஆரோ எழுதியிருந்தினம். திறந்து பாத்தா பவர் சப்ளைக்குள்ள காய்ஞ்ச பல்லி, ஃபான் முழுக்கக் கறுப்புத் தூசி, ராமின்ர (மெசினின்ர நினைவகப் பட்டை) தொடுகிற பக்கம் கறுத்துப்போய்க் கிடந்தது. சைக்கிள் பம்மால ஊதி, ராமைக் கழட்டி அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சுத் திரும்பப் போட்டன், எழும்பிட்டுது. சிஸ்டத்தில ஒரு எழுத்துக் கூட மாத்தேல்ல. ரெண்டாம் நம்பரில இன்ரநெற் வேலை செய்யேல்ல, எந்தப் பக்கம் திறந்தாலும் பாதுகாப்பில்லை எண்டு காட்டுது எண்டு மூண்டு நாள் முறைப்பாடு, வலப்பக்க மூலையில திகதியைப் பாத்தா 2012. மதர்போட்டில இருக்கிற சின்ன வட்டப் பற்றரி, சிஆர்2032, செத்துப்போச்சு, மெசின் ஒவ்வொரு நாளும் 2012இல எழும்புது, அப்ப இணையத்தளங்களின்ர இண்டையப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒண்டையும் அது நம்பாது. பற்றரி மாத்தினதோட முடிஞ்சுது.

இனி எனக்கு மேல இருக்கிற முறைப்பாடு: பொதுச்சபையைக் கேக்காமல் செயலாளர் ஏன் அஞ்சு மெசினுக்கும் லினக்ஸ் போட்டவர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஐப்பசி (ஒக்ரோபர்) 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு ரிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் வேணும், இன்ரெல் சிப் எண்டா எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது, எங்கட அஞ்சும் மூண்டாம் தலைமுறை ஐ5. குறுக்கு வழியாலயும் ஏத்தலாம்தான், ஆனா கொம்பனி ஒத்துக்கொள்ளாத மெசினில ஏத்திப்போட்டு அப்டேற் வருமோ வராதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்க நான் விரும்பேல்ல. இன்னும் ஒரு வருசம் பாதுகாப்பு அப்டேற் எடுக்கலாமே எண்டு ஒரு தம்பி கேட்டவர், கேள்வி சரி, அது 2026 ஐப்பசி வரைக்கும் இருக்கு, ஆனா ஒவ்வொரு மெசினுக்கும் ஒராளின்ர சொந்த மைக்ரோசொஃப்ட் கணக்குப் போடோணும், பொது அறையில ஆற்ற கணக்கைப் போடுறது? இதைப்பற்றி ஆனி, ஆடிக் கூட்ட நிகழ்ச்சிநிரலில ரெண்டு தரமும் போட்டனான், ரெண்டு தரமும் கோரம் இல்ல. ஆவணி விடுமுறையில நானும் ரெண்டு ஏ/எல் பெடியளும் இருந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி எஸ்எஸ்டி (சுழலாத புது வகை டிஸ்க்) போட்டு, லினக்ஸ் மின்ட் 22 ஏத்தினம். அதுக்கு 2029 வரை ஆதரவு இருக்கு. முந்தி எழும்ப நாலு நிமிசம் எடுத்த மெசின் இப்ப அரை நிமிசத்துக்குள்ள எழும்புது, அதில முக்கால்வாசிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்கு எண்டதையும் நான் மறைக்கேல்ல.

லினக்ஸ்தான் கடவுள் எண்டும் நான் சொல்லேல்ல. 2017 கடைசியில வந்த உபுண்டு 17.10 எண்ட லினக்ஸ் சில லப்டொப்புகளின்ர பயோஸையே (மெசினை எழுப்புற அடிப்படை மென்பொருள்) கெடுத்தது, திரும்ப இறக்கித் திருத்தித்தான் விட்டவை. விண்டோஸ் 10இன்ர 2018 ஐப்பசி அப்டேற் சிலரின்ர ஃபைலுகளை அழிச்சு, அதையும் இடையில நிப்பாட்டினவை. 2024 ஆடி (யூலை) 19 உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் மெசின் நீலத்திரையோட நிண்டது கிறவுட்ஸ்றைக் எண்ட பாதுகாப்புக் கொம்பனியின்ர ஒரு பிழையான அப்டேற்றால, விண்டோஸ் செய்த வேலை இல்ல. மக் சாகாது எண்ட ஐயாவுக்கும் மரியாதையோட சொல்லுறன், 2015இல இருந்து ஒரு நாலஞ்சு வருசம் வந்த மக்புக் கீபோர்ட்டுகளுக்கு அப்பிள் இலவசமாத் திருத்திக் குடுத்தது. ரொறன்ரோவில இருந்து நிலையத்துக்கு வந்த 2012 மக்புக் நல்ல இரும்பு, அடிமூடியைக் கழட்டி ராமும் டிஸ்க்கும் நாங்களே மாத்தலாம், ஆனா அதின்ர சிஸ்டம் கட்டலினா எண்ட பழைய பதிப்போட நிண்டிட்டுது. 2020 கடைசியில வந்த எம்1 எண்ட அப்பிளின்ர சிப் இருக்கிற மக் லப்டொப்புகளிலயும் ராமும் டிஸ்க்கும் மதர்போட்டோட ஒட்டித்தான் வருது, வேகமும் பற்றரியும் நல்லதுதான், பழுதானா இங்க திறக்க ஏலாது, கொழும்புக்கு அனுப்போணும் எண்டுதான் ரவுணில விசாரிச்ச இடத்தில சொன்னவை. எங்களுக்கு நம்பகம் எண்டா ஊருக்குள்ள திருத்தக்கூடியதா இருக்கோணும்.

ஒரு குறை உண்மை, அதை ஏற்றுக்கொள்ளுறன். நிலையத்தின்ர பழைய கடிதம் எல்லாம் பாமினியில அடிச்சது, மின்ட்டில திறக்க இங்கிலீஸ் எழுத்துக் குவியலாத் தெரிஞ்சு பொருளாளர் அக்கா பயந்திட்டா. பாமினி எழுத்துருவை ஏத்தினவுடன சரி. புதுசா அடிக்க ரெங்கநாதன் விசைப்பலகை போட்டிருக்கு, பாமினி பழகின கைக்கு ரெண்டு நாள் போதும், இப்ப அக்காவே யூனிகோட்டில அடிக்கிறா. பிறின்ரர் மட்டும் இன்னும் மின்ட்டோட ஒத்துவரேல்ல, அதுக்கு விண்டோஸ் 11 இருக்கிற ஒரு லப்டொப்பைப் பாவிக்கிறம்.

கணக்கைப் பொருளாளர் தனிய வாசிச்சவா. சுருக்கமா, வரவும் செலவும் கிட்டத்தட்டச் சரி, கையில கொஞ்சம் இருக்கு, எஸ்எஸ்டிக்குப் போன காசில பெரும்பங்கு சுவிஸில இருக்கிற ஒரு தம்பி அனுப்பினது, மிச்சம் தற்காலிகமா என்ர கையால போட்டது, ரசீது எல்லாம் கோப்பில இருக்கு.

சந்தா மாசம் 100 ரூபா. 64 அங்கத்தவரில 41 பேர் வருசம் முழுக்கக் கட்டேல்ல. அதில கனபேரின்ர பிள்ளையள்தான் ஒவ்வொரு பின்னேரமும் அறையில இருக்கினம், இருக்கட்டும், பிள்ளையளை நான் ஒருநாளும் மறிக்கேல்ல, மறிக்கவும் மாட்டன். ஆனா ஏன் மெசின் பழுது எண்டு கேக்கிற ஆக்களில கூட ஆக்கள் இந்த 41க்குள்ள இருக்கினம் எண்டதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரேல்ல.

தலைவர், பொருளாளர், பத்திரிகை எடுத்துவந்து போடுற அண்ணை, அறை கூட்டுற அம்மா, ரெண்டு ஏ/எல் பெடியள், வெளிநாட்டு உறவுகள் எல்லாருக்கும் நன்றி.

வாற வருசத்துக்குப் புது மெசின் வேணாம் எண்டுதான் என்ர கருத்து. வேண்டியது யூபிஎஸ் பற்றரி அஞ்சு, வோல்டேச் சரிபண்ணுற பெட்டி ஒண்டு, யன்னலுக்குத் தூசி மறைப்பு. 41 பேரும் ஆறு மாசச் சந்தா தந்தாலே 24,600 ரூபா, பற்றரிக்கு அதில கை வைக்கலாம். செயலாளர் பதவிக்கு இந்த முறையும் வேற ஒருத்தரும் பேர் குடுக்கேல்ல, அதால இன்னும் ஒரு வருசம் நான் இருக்கிறன், ஆனா சனிக்கிழமையில மெசின் திறந்து துடைக்க என்னோட ரெண்டு பேராவது நிக்கோணும். சனி பின்னேரம் நாலு மணியில இருந்து ஆறு மணி வரை அறை திறந்திருக்கும், சந்தாப் புத்தகமும் மேசையில இருக்கும்.